சோற்றுத் தட்டில் எவ்வளவு குறைகிறது? புரோட்டீன் பவுடர் வாங்குமுன் பார்க்க வேண்டிய கணக்கு

தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறை என்று எந்த ஊரை எடுத்தாலும் புரோட்டீன் பவுடர் இப்போது சாதாரணமாகக் கிடைக்கிறது. ஜிம்முக்குப் பக்கத்துக் கடையில் போலீஸ் தேர்வுக்கு ஓடும் பையன்களும் கபடி ஆடுகிறவர்களும் வாங்குகிறார்கள். மருந்துக்கடையில் வாங்குகிறவர் வேறு ஆள்: "அண்ணே, அம்மாவுக்குத் தெம்பே இல்ல, நல்ல டின்னா ஒண்ணு குடுங்க" என்று வரும் மகன். இரண்டு பக்கமும் முதலில் கேட்கிற கேள்வி எந்த பிராண்டு நல்லது என்பதுதான். உண்மையில் அது மூன்றாவதாக வர வேண்டிய கேள்வி. தட்டில் ஏற்கெனவே எவ்வளவு புரோட்டீன் இருக்கிறது, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்ற இரண்டும் தெரிந்த பிறகு பிராண்டைப் பேசலாம்.

தட்டுக் கணக்குக்குப் பெரிய படிப்பு வேண்டாம். சில எண்களை மனதில் வைத்தால் போதும். சமைக்காத அரிசி 100 கிராமில் 7 முதல் 8 கிராம் புரோட்டீன். துவரை, உளுந்து, பயறு எதுவானாலும் 100 கிராமுக்கு ஏறக்குறைய 22. கொண்டைக்கடலை 20க்குச் சற்று முன்பின். பொட்டுக்கடலையும் அதே அளவுதான், வேர்க்கடலை 25. ஒரு முட்டை 6. பாலும் தயிரும் 100 மில்லிக்கு 3 சொச்சம். மீன், கோழி சதைப்பற்றாக 100 கிராம் எடுத்தால் 20. சோயா உருண்டை காய்ந்த எடையில் 100 கிராமுக்கு 50க்கு மேல். ரசத்தில் இருப்பதைக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். சாம்பார் ஒரு கரண்டியில் 10 கிராம் பருப்பு கரைந்திருந்தால் 2 கிராம். ஹோட்டல் சாம்பார் என்றால் அதுவும் சந்தேகம்.

தேவை எவ்வளவு? ஐ.சி.எம்.ஆரின் ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட அளவு, உடல் எடை கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.83 கிராம். 60 கிலோ ஆளுக்கு 50 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்து தசை ஏற்ற நினைப்பவருக்குக் கிலோவுக்கு 1.6 கிராம் வரை பலன் இருக்கிறது. அதற்கு மேல் போட்டால் தசை கூடுவதாகத் தெரியவில்லை. வயது அறுபத்தைந்தைத் தாண்டியவர்களுக்கு முதியோர் மருத்துவத்தில் 1.0 முதல் 1.2 வரை சொல்கிறார்கள். வயதான தசை புரோட்டீனுக்கு மந்தமாகத்தான் அசைந்து கொடுக்கும் என்பதே காரணம்.

இனி இரண்டு தட்டுகளை வைத்துப் பார்ப்போம்.

முதல் தட்டு 65 கிலோ எடையுள்ள, ஜிம்முக்குப் போகும் இளைஞருடையது. 1.6 வீதம் அவர் இலக்கு 104 கிராம். மூன்று வேளைக்கு அரிசி 350 கிராம் என்றால் 26. நாள் முழுக்க உள்ளே போகும் பருப்பு 30 கிராமில் 6. பால், தயிர், மோர் சேர்த்து 400 மில்லியில் 13. இரண்டு முட்டை 12. மீனோ கோழியோ 150 கிராமில் 30. சாயங்காலம் காய்ந்த கொண்டைக்கடலை 50 கிராம் ஊறப்போட்டுச் சுண்டல் என்றால் 10. மொத்தம் 97. குறைவது 7 கிராம். அது ஒரு முட்டையிலேயே அநேகமாக அடைந்துவிடும். இவர் மாதம் மூவாயிரம் ரூபாய்க்கு டப்பா வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அதே வயது, அதே எடை, ஆனால் சைவ வீடு என்றால் முட்டையும் மீனும் போய் 55இல் நிற்கும். ஏறக்குறைய 50 கிராம் பள்ளம். சோயா உருண்டை 30 கிராம், இன்னொரு கிண்ணம் சுண்டல், ஒரு ஸ்கூப் பவுடர் என்று மூன்றாகப் பிரித்தால் அது நிரம்பும்.

இரண்டாவது தட்டு 50 கிலோ பாட்டியுடையது. காலையில் இரண்டு இட்லி, சட்னி: 4. இரண்டு வேளை காபி, தலா 75 மில்லி பால்: 4 அல்லது 5. மதியம் 75 கிராம் அரிசிச் சோறு: 5 சொச்சம். ஒரு கரண்டி சாம்பார், ஒரு பொரியல், கொஞ்சம் தயிர்: 5. சாயங்காலம் இரண்டு பிஸ்கட்: 1. ராத்திரி ஒரு தோசை, "போதும்மா, பசிக்கல": 3. கூட்டினால் 23 வருகிறது. வேண்டியது 50 முதல் 60. பாதிகூட இல்லை. பாட்டி உட்கார்ந்து எழுந்திருக்கக் கை ஊன்றுவதும், குளியலறையில் தடுமாறுவதும் வயசாகிவிட்டது என்பதால் மட்டும் வருவதில்லை. தசை கரைந்துகொண்டிருக்கிறது.

டெல்டாவில் புரோட்டீன் பவுடர் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் இந்த இரண்டாவது தட்டுதான் என்பது எங்கள் கணிப்பு. பல் இல்லாததால் சுண்டல் மெல்ல முடியாது, புளியும் பருப்பும் சேர்ந்தால் வயிறு உப்புசம், முட்டை பழக்கமில்லை என்று ஒவ்வொரு வழியும் அடைபடும்போது, அரை டம்ளரில் கரைத்துக் கொடுக்கக்கூடிய 20 கிராமுக்கு மதிப்பு அதிகம். ஆனால் விளம்பரத்தில் வருகிறவர் எப்போதும் சட்டை கழற்றிய இளைஞர்தான்.

அரிசியைப் பற்றி ஒரு வார்த்தை. சோற்றில் புரோட்டீனே இல்லை என்று ஜிம்மில் சொல்வது தவறு. மேலே பார்த்தபடி இளைஞரின் கணக்கில் கால்பங்கு அரிசியிலிருந்து வருகிறது. புரோட்டீன் என்பது அமினோ அமிலங்களால் ஆனது; அரிசியில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு, அவ்வளவுதான். பருப்பில் லைசின் நிறைய, மெத்தியோனின் குறைவு. மூன்று பங்கு அரிசிக்கு ஒரு பங்கு பருப்பு சேர்ந்தால் ஒன்றின் குறையை மற்றது மூடும். வெண்பொங்கலின் அளவும் கிட்டத்தட்ட அதுதான். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பு வயல் ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளித்து எடுக்கிற ஊர் இது. விளைந்ததை மூட்டையோடு விற்றுவிட்டு, வீட்டுச் சாம்பாரை நீர்க்க வைப்பதுதான் நடக்கிறது. பருப்பைக் கெட்டியாக்கி, வாரத்தில் இரண்டு நாள் உளுந்தங்களியோ பயறு சுண்டலோ வைத்த பிறகும் பள்ளம் இருந்தால் பவுடரைப் பார்க்கலாம்.

வாங்குமுன் ஒரு ரத்தப் பரிசோதனை

நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு மேலே சொன்ன அளவு புரோட்டீன் கெடுதல் செய்வதில்லை. கெட்டுப்போன சிறுநீரகம் உள்ளவருக்குச் செய்யும். தனக்குக் கெட்டிருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது என்பதுதான் சிக்கல். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள், நாற்பது வயதைத் தாண்டியவர்கள், குடும்பத்தில் சிறுநீரக நோய் உள்ளவர்கள், வயல் வேலைக்குப் போய்வந்து உடம்பு வலிக்கு அடிக்கடி வலி மாத்திரை போட்டுக்கொள்கிறவர்கள் எல்லோரும் கிரியாட்டினின் பரிசோதனையும் சிறுநீரில் புரோட்டீன் போகிறதா என்ற சோதனையும் செய்துவிட்டுத்தான் டப்பாவைத் திறக்க வேண்டும். அரசு மருத்துவமனையிலேயே பார்க்கலாம். சிறுநீர் நுரைத்துப் போகிறது, காலில் வீக்கம் என்றால் பவுடர் பேச்சே வேண்டாம், டாக்டர்தான்.

இதில் அடிக்கடி நடக்கும் குழப்பம் ஒன்று. சிறுநீரக நோய் ஆரம்பித்து, டயாலிசிஸ் வரை போகாதவர்களுக்குப் புரோட்டீனைக் குறைக்கச் சொல்வார்கள். டயாலிசிஸ் தொடங்கிவிட்டால் கூட்டச் சொல்வார்கள், ஏனென்றால் ஒவ்வொரு தடவையும் அமினோ அமிலம் வெளியேறுகிறது. மருந்துக்கடையில் இந்த இரண்டு நிலைக்கும் தனித்தனி டின் இருக்கிறது. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிடுகிற டின்னின் போட்டோவைக் காட்டி அதையே வாங்குவது இங்கே ஆபத்தான காரியம். சீட்டில் எழுதிய பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து வாங்குங்கள்.

மாத்திரைகளோடு மோதுவதும் உண்டு. தைராய்டு மாத்திரையைக் காலையில் வெறும் வயிற்றில் போட்டுவிட்டு உடனே பவுடர் குடித்தால், அதிலுள்ள கால்சியமும் சோயாவும் மாத்திரை உடம்பில் சேர்வதைக் குறைக்கும். 4 மணி நேரம் தள்ளிவிடுவது நல்லது. பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா சாப்பிடுகிறவர்களுக்குப் புரோட்டீனும் மருந்தும் ஒரே வாசல் வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். ஒரே நேரத்தில் கொடுத்தால் மருந்து பின்தங்கி, அன்று நடுக்கமும் இறுக்கமும் கூடும். வேளையை டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம். டாக்ஸிசைக்ளின், சிப்ரோஃப்ளோக்சசின் போன்ற ஆன்டிபயாட்டிக் ஓடும் நாட்களில் மாத்திரையையும் பவுடரையும் சேர்த்துக் கொடுக்கக்கூடாது.

லேபிளில் படிக்க வேண்டியது

முன்பக்கம் எழுதியிருப்பதை விட்டுவிட்டு டப்பாவைத் திருப்புங்கள். முதலில் 100 கிராமுக்கு எவ்வளவு புரோட்டீன் என்று பாருங்கள். "ஒரு ஸ்கூப்புக்கு 24 கிராம்" என்று மட்டும் இருந்தால் ஸ்கூப்பின் எடையால் வகுத்துக்கொள்ளலாம். 33 கிராம் ஸ்கூப்பில் 24 என்றால் 73 சதவீதம், பரவாயில்லை. 45 கிராம் ஸ்கூப்பில் 24 என்றால் பாதிதான் புரோட்டீன், மீதி மாவும் சர்க்கரையும் சுவையூட்டியும்.

பால் புரோட்டீனில் ஐந்தில் நான்கு பங்கு கேசீன், ஒரு பங்கு வே. பால் திரியும்போது மேலே நிற்கிற தெளிந்த நீரில் இருப்பதுதான் வே. அதை வடித்து உலர்த்தியதில் கான்சென்ட்ரேட் என்பது 80 சதவீதம் வரை புரோட்டீன் உள்ளது, கொஞ்சம் பால் சர்க்கரையும் கொழுப்பும் தங்கியிருக்கும். ஐசோலேட் 90ஐ ஒட்டி. பால் சர்க்கரை அநேகமாக இல்லை. ஹைட்ரோலைசேட் முன்கூட்டியே உடைத்தது, கசக்கும், விலை கூடுதல், சாதாரண ஆளுக்குத் தேவையில்லை. பால் குடித்தால் வயிறு இரைகிறவர்கள் நம் பக்கம் ஏராளம். அவர்களுக்குத்தான் ஐசோலேட்டுக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் அர்த்தம். பால் ஒத்துக்கொள்கிறவருக்குக் கான்சென்ட்ரேட்டே போதும். "வே பிளெண்ட்" என்று போட்டிருந்தால் உள்ளடக்கப் பட்டியலில் எது முதலில் வருகிறது என்று பாருங்கள். அளவில் அதிகமானதுதான் முதலில் வரும். முன்னால் ஐசோலேட் என்று கொட்டை எழுத்தில் போட்டுவிட்டுப் பின்னால் கான்சென்ட்ரேட்டை முதலில் எழுதியிருப்பது சர்வசாதாரணம்.

அதே பட்டியலில் கிளைசின், டாரின் என்ற மலிவான அமினோ அமிலங்களின் பெயர்கள் தனியாக வந்தால் கவனியுங்கள். ஆய்வகத்தில் புரோட்டீனை நேரடியாக அளப்பதில்லை. நைட்ரஜனை அளந்து 6.25ஆல், பால் பொருளென்றால் 6.38ஆல் பெருக்குகிறார்கள். மலிவான கிளைசினைக் கலந்தால் நைட்ரஜன் ஏறும், சோதனையில் புரோட்டீன் ஏறியதாகக் காட்டும், தசைக்கு அதனால் பிரயோஜனமில்லை. 2008இல் சீனாவில் பாலில் பிளாஸ்டிக் செய்யப் பயன்படும் மெலமின் என்ற ரசாயனத்தைக் கலந்த கொடுமையும் இதே ஓட்டை வழியாக நடந்ததுதான். அமினோ அமிலப் பட்டியல் கொடுத்திருந்தால் லூசினைப் பாருங்கள்: வேயில் 25 கிராம் புரோட்டீனுக்கு இரண்டரை கிராமை ஒட்டி இருக்க வேண்டும். 2க்குக் கீழே என்றால் ஏதோ கலந்திருக்கிறது.

லேபிளை நம்பலாமா என்ற சந்தேகம் நியாயமானது. கேரள மருத்துவர்கள் முன்னின்று 2024இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பொருட்களைச் சோதித்தார்கள். ஏறக்குறைய 70 சதவீதத்தில் சொன்ன அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துவரவில்லை. சிலவற்றில் சொன்னதில் பாதிதான். சிலவற்றில் பூஞ்சை நஞ்சான அஃப்ளடாக்சினும் இருந்தது. மூலிகை கலந்த புரோட்டீன் என்று வருவதை ஒதுக்கிவிடுங்கள். கல்லீரலுக்கு எது வேலை வைக்கும் என்று யாருக்கும் தெரியாத கலவை அது. உள்ளடக்கப் பட்டியல் எவ்வளவு சின்னதோ அவ்வளவு நல்லது. வே, லெசித்தின், கோகோ, ஒரு இனிப்பூட்டி என்று நான்கு ஐந்து சொல்லோடு முடிகிற டப்பாவைத் தேடுங்கள்.

மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. தரும் உரிம எண் 14 இலக்கம். போனில் அந்த ஆணையத்தின் ஃபாஸ்காஸ் (FoSCoS) இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் நிறுவனத்தின் பெயர் வர வேண்டும். வரவில்லை என்றாலோ பேக்கரிக் கடைப் பெயர் வந்தாலோ டப்பாவைக் கடையிலேயே வைத்துவிடலாம். வெளிநாட்டுப் பொருள் என்றால் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, உரிம எண் ஒட்டப்பட்டிருக்கும். அது இல்லாமல் "சிங்கப்பூர்லேருந்து வந்தது" என்று பாதி விலைக்குக் கிடைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சுரண்டிப் பார்க்கும் ரகசிய எண் மட்டும் போதாது, பழைய எண்ணையே பல டப்பாவில் ஒட்டுகிறார்கள். மூடிக்கடியில் உள்ள ஃபாயில் முழுதாக ஒட்டியிருக்கிறதா, டப்பாவின் அடியில் அச்சான பேட்ச் எண்ணும் தேதியும் அழித்து எழுதியதாக இல்லாமல் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

வீட்டுச் சோதனை என்று வீடியோவில் காட்டுவதில் பாதி வேடிக்கை. கொதிநீரில் போட்டால் கட்டி கட்டியாக ஆவது புரோட்டீன் இருக்கிறது என்று மட்டும் சொல்லும், எவ்வளவு என்று சொல்லாது. அயோடின் சொட்டு விட்டால் கருநீலம் ஆவது மாவு கலந்ததைக் காட்டும், அது சரி. ஆனால் இன்று கலப்பது பெரும்பாலும் மாவுச்சத்தை உடைத்துச் செய்த மால்டோடெக்ஸ்ட்ரின் பொடி. அதற்கு அந்த நிறம் வராது.

கெயினர் என்று பெரிய பையில் வருவதை மெலிந்த பையன்கள் ஆசையாக வாங்குகிறார்கள். 100 கிராமில் 15, 20 கிராம் புரோட்டீன், மீதியில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின். அந்த மாவுச்சத்தை நம் சோற்றுப் பானை இலவசமாகக் கொடுக்கும். சர்க்கரை உள்ளவர் தொடவே கூடாது.

இதைவிட மோசம், லேபிள் இல்லாமல் பொட்டலத்தில் தரும் "வெயிட் ஏத்தும் பவுடர்". பதினைந்து நாளில் கன்னம் உப்பி, பசி பிய்த்துக்கொண்டு, எடை ஏறினால் அதில் ஸ்டீராய்டும் பசி தூண்டும் மருந்தும் இருக்கலாம் என்று சந்தேகப்படுங்கள். முகம் வட்டமாவது, தோலில் வரி விழுவது, சர்க்கரை ஏறுவது இதன் அறிகுறிகள். பல வாரம் சாப்பிட்டவர் பயந்து திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. உடம்பு தன் சுரப்பைக் குறைத்துக்கொண்டிருக்கும். பொட்டலத்தோடு டாக்டரிடம் போக வேண்டும். மாநில அளவில் கபடி, தடகளம் ஆடுகிறவர்களுக்கு இன்னொரு கவலை: சப்ளிமென்ட்டில் கலந்திருந்ததால் ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினாலும் பொறுப்பு ஆட்டக்காரரையே சேரும். ஊக்கமருந்து இல்லையென்று பேட்ச் வாரியாகச் சோதித்த முத்திரை இல்லாத எதையும் அவர்கள் தொடாமல் இருப்பது நல்லது.

விலையைக் கிராமுக்கு வகுப்பது

டப்பா விலையை ஒப்பிட்டு ஏமாறாதீர்கள். ஒரு கிராம் புரோட்டீனுக்கு எத்தனை ரூபாய் என்று வகுக்க வேண்டும். உதாரணத்துக்கு, 2,400 ரூபாய்க்கு ஒரு கிலோ வே, 30 ஸ்கூப், ஸ்கூப்புக்கு 24 கிராம் என்றால் மொத்தம் 720 கிராம் புரோட்டீன். கிராம் 3 ரூபாய் 33 காசு. மருந்துக்கடை டின் 400 கிராம் 700 ரூபாய், நூற்றுக்கு 34 என்றால் 136 கிராம். கிராம் 5 ரூபாய்க்கு மேல். டின் மலிவு மாதிரி தெரிந்தது, கணக்கில் கூடுதல். 7 ரூபாய் முட்டையில் கிராம் ஒரு ரூபாய் சொச்சம். கிலோ 130 ரூபாய்ப் பொட்டுக்கடலையில் 60, 65 காசு. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள். வரிசை பெரும்பாலும் மாறாது. மளிகைக் கடையில் விற்கும் மால்ட் பானப் பொடிகளை இந்த வரிசையிலேயே சேர்க்க முடியாது. நூற்றுக்குப் பத்து கிராம்கூடப் பல பொடிகளில் இல்லை, சர்க்கரைதான் அதிகம்.

மருந்துக்கடை டின்னில் வைட்டமினும் தாது உப்பும் சேர்த்திருப்பார்கள், சாப்பாடே இறங்காத நோயாளிக்கு அது உதவும். வெறும் புரோட்டீன் பள்ளத்தை நிரப்ப அது வேண்டாம். ஒன்றில் மட்டும் கவனம்: சில டின்களில் சர்க்கரை நிறைய, சர்க்கரை நோயாளிக்குத் தனி வகை உண்டு.

கரைப்பதும் குடிப்பதும்

ஸ்கூப்பை நம்பாமல் முதல் தடவை சமையலறைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். தலைதட்டி எடுத்ததும் குவித்து எடுத்ததும் 5, 8 கிராம் வித்தியாசப்படும். பொடி அடங்கிப் போன டப்பாவின் அடிப்பகுதியில் இன்னும் கூடும்.

முதலில் தண்ணீர், பிறகு பொடி. பொடியைப் போட்டு மேலே தண்ணீர் ஊற்றினால் அடியில் பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டு, எவ்வளவு ஆட்டினாலும் கரையாது. ஒரு ஸ்கூப்புக்கு 200 முதல் 250 மில்லி. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் உப்புக் கரிக்கும், அதில் கலந்தால் எந்த ஃப்ளேவரும் எடுபடாது, குடிதண்ணீரில் கலக்குங்கள்.

கொதிக்கிற பாலில் வேயைக் கொட்டினால் திரிதிரியாகப் போகும். புரோட்டீன் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை, முட்டை வேகிற மாதிரி இறுகிவிட்டது, குடிக்கத்தான் முடியாது. டிகிரி காபியில் கலந்து கொடுத்தால்தான் அப்பா குடிப்பார் என்றால், பொடியை ஆறின பாலில் முதலில் குழைத்து, டவராவில் நன்றாக ஆற்றிய காபியைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் கலக்க வேண்டும். நேரடியாகச் சூட்டில் போட்டால் டம்ளர் ஓரத்தில் வெள்ளைத் துணுக்கு மிதக்கும், அடுத்த நாள் தொட மாட்டார்.

எங்கள் பரிந்துரை மோர். கேசீன் புளிப்பில் திரியும், வே திரியாது. அதனால் ஃப்ளேவர் சேர்க்காத வேயை ஒரு டம்ளர் நீர்மோரில் கரைத்து உப்பு, பெருங்காயம், கறிவேப்பிலை, இஞ்சி தட்டிப் போட்டால் பொடி இருப்பதே தெரியாது. இனிப்பு பிடிக்காத முதியவர்களுக்கு இதைவிடச் சுலபமான வழி கிடையாது. சோயா, பட்டாணிப் பொடி மோரில் சரிப்படாது, அடியில் படிந்துவிடும். அவற்றை ஆறின ராகிக் கஞ்சியிலோ அடை மாவிலோ கலக்கலாம். தோசை மாவில் வேயைக் கலந்தால் கல்லில் சீக்கிரம் கருகி ஒட்டும். இட்லி மாவில் கலந்தால் ரப்பர் மாதிரி வரும். செய்ய வேண்டாம்.

முதல் வாரம் அரை ஸ்கூப். ஒரேயடியாகத் தொடங்கி வயிறு உப்பி, "ஒத்துக்கல" என்று டப்பாவைத் தூக்கிப்போடுவது நிறைய நடக்கிறது. ஒரு வாரத்துக்குப் பிறகும் உப்புசம் இருந்தால் ஐசோலேட்டுக்கு மாறலாம், அல்லது லேபிளில் சார்பிட்டால், மால்டிட்டால், இன்யூலின் இருக்கிறதா என்று பாருங்கள். வாயு பல சமயம் அவற்றால் வருவது. மலச்சிக்கல் என்றால் பொடியால் பசி அடங்கிக் கீரையும் காயும் குறைந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். முகப்பரு கிளம்பினால் மூன்று வாரம் நிறுத்திப் பாருங்கள். தடிப்பு, உதடு வீக்கம், மூச்சிரைப்பு என்றால் பால் ஒவ்வாமை. உடனே ஆஸ்பத்திரி, மறுபடி தொடக்கூடாது.

பயிற்சி முடிந்து அரை மணிக்குள் குடிக்காவிட்டால் வீண் என்பது வெறும் பேச்சு. நாள் மொத்தம்தான் கணக்கு. அதை வேளைக்கு 20, 30 கிராமாகப் பிரித்தால் இன்னும் நல்லது. பாட்டியின் தட்டில் காலை வேளைதான் மிக மெலிந்தது, பொடியை அங்கே வையுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் கொடுத்தால் வயிறு நிறைந்து இட்லியும் போய்விடும். சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் கொடுக்கலாம். கூடவே தசைக்கு வேலை வேண்டும். கைப்பிடியுள்ள, நகராத நாற்காலியில் உட்கார்ந்து எழுவதைப் பத்துப் பத்தாக இரண்டு மூன்று தடவை, பக்கத்தில் ஒருவர் நிற்க, தினமும் செய்யட்டும். அது இல்லாமல் பொடி மட்டும் கொடுத்தால் பலன் சொற்பம்.

கர்ப்பிணிகளும் பாலூட்டுகிறவர்களும் டாக்டர் சொல்லாமல் எடுக்கக்கூடாது. வளரும் பிள்ளைக்கு முட்டையும் சுண்டலும் போதும்.

அடைமழைக் காலத்தில் டப்பா

ஐப்பசி, கார்த்திகையில் நம் பக்கம் உப்பு ஜாடியே நீர்விடும். புரோட்டீன் பொடி எப்படித் தப்பும்? ஈரக் கையோடு ஸ்கூப்பைப் போட்டால் அந்த இடத்தில் கட்டி பிடித்துப் பூஞ்சை வரும். டப்பாவை அடுப்புக்குப் பக்கத்தில் வைக்காதீர்கள். ஃப்ரிட்ஜிலும் வைக்க வேண்டாம், வெளியே எடுத்துத் திறக்கிற ஒவ்வொரு முறையும் காற்றின் ஈரம் உள்ளே வியர்க்கும். பையில் வாங்கினால் ரப்பர் பேண்டு போட்டு மடிப்பதோடு விடாமல், காய்ந்த எவர்சில்வர் டப்பாவில் மாற்றி, பையில் வந்த சிலிகா பொட்டலத்தையும் போட்டு இறுக மூடுங்கள். பேட்ச் எண் உள்ள பகுதியை வெட்டி ஒட்டிவையுங்கள். ஒருவர் மட்டும் குடிக்கிற வீட்டுக்கு ஒரு கிலோவுக்கு மேல் வேண்டாம். சலுகை விலை என்று இரண்டரை கிலோ வாங்கினால் கடைசிக் கால்வாசி எறும்புக்குத்தான்.

நிறம் பழுப்பேறினாலோ காறல் வாடை அடித்தாலோ தேதி இருந்தாலும் கொட்டிவிடுங்கள். சூட்டிலும் ஈரத்திலும் பால் சர்க்கரையும் புரோட்டீனும் பிணைந்துகொண்டு, நாம் காசு கொடுத்து வாங்கிய லைசின் முதலில் போகும். கத்திரி வெயிலில் கூரியர் வேனில் கிடந்து வரும் பார்சலுக்கும் இது நேரலாம், கோடையில் உள்ளூர்க் கடையில் வாங்குவது மேல். கரைத்ததை வைத்து வைத்துக் குடிக்காதீர்கள். நம் வெயிலில் ஒரு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். ஷேக்கரைக் குடித்த கையோடு அலசி, மூடியின் ரப்பர் வளையத்தையும் கழற்றிக் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். நாற்றம் பிடித்துவிட்டால் சோடா உப்புக் கரைத்த வெந்நீரை இரவு முழுக்க ஊற்றி வைத்தால் போகும்.

வாங்கியதில் சந்தேகம் என்றால் பில், டப்பா, மிச்சப் பொடி மூன்றையும் பத்திரப்படுத்தி, மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் புகார் எழுதலாம். 2006ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 40ஆம் பிரிவு, வாங்கியவரே கட்டணம் கட்டி உணவுப் பகுப்பாய்வாளரிடம் சோதிக்க வழி தருகிறது. ஆனால் சோதனைக்குக் கொடுக்கப்போகிறேன் என்று வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லியிருக்க வேண்டும். ஜிம் ஆட்கள் ஏழெட்டுப் பேர் ஒரே பேட்ச்சில் மொத்தமாக வாங்குவதென்றால், செலவைப் பங்குபோட்டு ஒரு டப்பாவைச் சோதிப்பது கட்டுப்படியாகும். அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் மொத்தப் புரோட்டீனை மட்டும் கேட்காமல் அமினோ அமில அளவும் ஈயம், காட்மியமும் சேர்த்துக் கேளுங்கள்.